ரங்கையாவின் அடிவரி: எங்கள் வேலிச் செடிகளை வரைந்த கைகள்

பிரெஞ்சு ஓவியர் ரெடூத்தேயின் ரோசாப்பூக்களைப் பெயர் தெரியாமலே எங்களில் கனபேர் பார்த்திருப்போம். வாழ்த்து மட்டை, கொப்பி உறை, சுவர்க் கலண்டர், ஃபோன் கவர் எண்டு அந்தப் பூக்கள் வராத இடமில்லை. வெள்ளைத் தாளின் நடுவில் ஒரேயொரு கிளை. பின்னால் மண்ணும் இல்லை, வானமும் இல்லை. இருநூறு வருசத்துக்கு முந்திப் பாரிஸில் அச்சான படங்கள் இவை.

நாங்கள் இங்கே எழுதப்போவது ரோசாவைப் பற்றி இல்லை. அந்தப் படங்களின் அடியில் எறும்பளவு எழுத்தில் ஓடுகிற ஒரு வரியைப் பற்றி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் புதுச்சேரி, நாகபட்டினம், சென்னை, பேராதனை எல்லாம் கடந்து எங்கட வேலியடிக்கே வந்து சேரலாம்.

ஒரு தாள், மூன்று பெயர்

பியர் ஜோசப் ரெடூத்தே 1759இல் இன்றைய பெல்ஜியத்தில் பிறந்தவர். மன்னராட்சிக் காலத்தில் அரசி மரி அந்துவனெத்துக்காக வரைந்தார். புரட்சி வந்து அரசியின் தலை போனது, ஓவியருக்கு வேலை போகவில்லை. நெப்போலியனின் மனைவி ஜோசபின் தன் மல்மெசோன் தோட்டத்துச் செடிகளை வரைய அவரை வைத்துக்கொண்டார். 1802 முதல் 1816 வரை லில்லி வகைப் பூக்கள் பற்றிய எட்டுப் பாக நூல் வந்தது. அதில் 486 படங்கள். 1817 முதல் 1824 வரை ரோசாக்கள் பற்றிய நூல்.

அந்தப் படங்கள் அச்சான விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். செப்புத் தகட்டில் கோடு கீறுவதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளைக் குத்துவார்கள். புள்ளிகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். பிறகு அதே தகட்டில் சிறிய துணிப் பொட்டலங்களால் பச்சை, சிவப்பு, மஞ்சள் மைகளை அந்தந்த இடத்தில் ஒற்றி, ஒரேதரமாகத் தாளில் அழுத்தி எடுப்பார்கள். அடுத்த தாளுக்கு மறுபடியும் முதலில் இருந்து மை ஒற்ற வேண்டும். கடைசியில் தூரிகையால் ஒரு கைத்திருத்தம். ஒரு பூ தாளில் வர இத்தனை பேரின் உழைப்புத் தேவைப்பட்டது.

ரோசாப் படங்களின் அடிவரி அதைத்தான் சொல்லுது. இடப்பக்கம் "ரெடூத்தே பின்க்ஸ்." வலப்பக்கம் செதுக்கியவரின் பெயர், உதாரணமாக "லாங்லுவா ஸ்கல்ப்." நடுவில் ரெமோன் என்பவரின் அச்சகத்தின் பெயர். லத்தீனில் "பின்க்ஸ்." எண்டால் தீட்டினார், "ஸ்கல்ப்." எண்டால் செதுக்கினார். வேறு நூல்களில் "டெல்." எண்டு வரும், அது வரைந்தார் என்பதன் சுருக்கம். உலகம் ரெடூத்தே எண்ட ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. தாளில் மூன்று பேரும் இருக்கினம்.

அப்ப எங்கள் கேள்வி இதுதான். பூவரசு, எருக்கு, பனை, சாயவேர் எல்லாம் எப்ப அச்சேறின? அவற்றின் அடியில் ஆருடைய பெயர் இருக்குது?

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பற்றைதான்

இங்கே முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் காட்டுச் செடிகள் நுவரெலியாவின் செடிகளை விட நாகபட்டினத்தின் செடிகளுக்குத்தான் கிட்டின சொந்தம். இரண்டு பக்கமும் வடகீழ்ப் பருவமழையை நம்பி இருக்கிற வறண்ட கரை. இரண்டு பக்கமும் பனை, எருக்கு, ஆவாரை, நாயுருவி, தும்பை. பாக்கு நீரிணை எங்களுக்குத்தான் எல்லை, செடிகளுக்கு இல்லை. ஆகவே சோழமண்டலக் கரையில் வரையப்பட்ட செடிப்படங்கள் எங்களூர்ப் படங்களும்தான்.

அந்தக் கரையின் செடிகளைப் பெரிய அளவில் அச்சிட்ட முதல் நூல்களில் ஒன்று வில்லியம் ரொக்ஸ்பரோ எழுதியது. கிழக்கிந்தியக் கம்பனியின் ஸ்கொட்லாந்து வைத்தியர் அவர். இந்திய ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்து வரைவித்த படங்களில் 300 படங்கள் 1795க்கும் 1820க்கும் இடையில் லண்டனில் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு, கையால் நிறமூட்டப்பட்டு, "கொரமண்டல் கரைச் செடிகள்" எண்ட பொருள்படும் தலைப்பில் மூன்று பாகங்களாக வந்தன.

அதில் மூன்றாவது படமே எங்களுக்குத் தெரிந்த ஆள்: சாயவேர். பருத்தித் துணிக்குச் சிவப்புச் சாயம் தருகிற சின்னப் பூண்டு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இந்த வேரைக் கிண்டி எடுப்பது அரசாங்கத்தின் வருமான வழிகளில் ஒன்று. அதைக் கிண்டுவதையே கடமையாகச் சுமந்த ஒரு சாதியும் இருந்தது, வேர்குத்தி எண்டு அவர்களைச் சொன்னார்கள். 1869 அளவில் ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் அதே சிவப்பை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். அதுக்குப் பிறகு சாயவேரின் சந்தை படுத்துவிட்டது.

அதே நூலின் 71ஆம், 72ஆம் படங்கள் பனைக்கு. ஒரு மரத்துக்கு ஏன் இரண்டு படம் எண்டு யாழ்ப்பாணத்தில் ஆரும் கேட்கமாட்டினம். ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. அதோடு இவ்வளவு உயரமான மரத்தை ஒரு தாளுக்குள் எப்படி அடக்குவது? முழு மரத்தையும் காட்டினால் பூ தெரியாது, பூவைக் காட்டினால் மரம் தெரியாது. செடிப்படம் வரைகிற எவருக்கும் பனை ஒரு சோதனை.

இந்த நூலின் அடிவரிக்குப் போனால் லண்டனில் செதுக்கியவரின் பெயர் இருக்கும். சோழமண்டலக் கரையில் உட்கார்ந்து வரைந்தவர்களின் பெயர் இல்லை. படம் கப்பல் ஏறியபோது பெயர் கரையிலேயே நின்றுவிட்டது.

பாரிஸுக்குப் போன காய்ந்த செடிகள்

பிரெஞ்சுக்காரரும் இதே கரையில்தான் இருந்தார்கள். லெஷனோ டி லா தூர் எண்ட இயற்கையியலாளர் 1816இல் புதுச்சேரிக்கு வந்து, 1822 வரை தென்னிந்தியாவில் செடிகள் சேர்த்தார். 1820இல் இலங்கைக்கும் வந்துபோனார். சேர்த்தவற்றை உலர்த்தி, தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்தி, பாரிஸுக்கு அனுப்பினார். பெயரிடுவதும் விவரிப்பதும் ஐரோப்பாவில் நடந்தன.

அந்தக் காலப் பாரிஸில் பெஞ்சமின் டெலெசேர் எண்ட வங்கியாளர் ஒருவர் பெரிய உலர்செடிச் சேகரிப்பு வைத்திருந்தார். 1820 முதல் 1846 வரை அவர் ஐந்து பாகங்களாக வெளியிட்ட நூலில் பாகத்துக்கு 100 படம். துர்ப்பேன் போன்ற கைதேர்ந்த ஓவியர்கள் வரைந்தார்கள். அற்புதமான கோடுகள். ஆனால் அவர்களுக்கு முன்னால் இருந்தவை பெரும்பாலும் நிறம் போன, தட்டையாகிப்போன செடிகள். காய்ந்த இதழை வெந்நீரில் ஊறவைத்து, அது உயிரோடு இருந்தபோது எப்படி வளைந்திருக்கும் எண்டு ஓவியர் ஊகிக்க வேண்டும். ரெடூத்தேக்கு ரோசா தோட்டத்திலேயே கிடைத்தது. எங்கள் கரைச் செடிகளுக்குப் பாரிஸில் அந்த வசதி இல்லை.

வாடாத செடியைப் பார்த்து வரைய வேண்டும் எண்டால் ஓவியர் இங்கேதான் இருக்க வேண்டும். அச்சுக்கூடமும் இங்கேயே இருந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் ஒன்றாக்கியது ஒரு கல்.

கல்லச்சு வந்த கதை

லித்தோகிராஃப் எனும் கல்லச்சை 1790களின் இறுதியில் பவேரியாவில் அலோயிஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். 1816 அளவில் லாஸ்தேரி, எங்கெல்மான் எண்ட இரண்டு பேர் பாரிஸில் கல்லச்சுக்கூடங்களைத் திறந்தார்கள். பிரெஞ்சு அச்சுக்கலையின் போக்கையே அது மாற்றியது.

விசயம் சுலபம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான். வழுவழுப்பாக்கிய சுண்ணக்கல்லில் கொழுப்புக் கலந்த மையால் வரையுங்கோ. கல்லைத் தண்ணீரால் நனையுங்கோ. வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளும், வரையாத இடம் குடிக்கும். இப்போது எண்ணெய் மையை உருட்டினால் கோட்டில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம். செப்பில் செதுக்க வருசக்கணக்கான பயிற்சி வேண்டும். கல்லில் தூரிகையும் பேனையும் பிடிக்கத் தெரிந்தவரே வரையலாம். செலவும் குறைவு. வேலை முடிந்தபின் கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த படத்துக்கு எடுக்கலாம்.

இந்த மலிவுதான் சென்னையில் ஒரு பெரிய வேலையைச் சாத்தியமாக்கியது.

வைட்டும் ரங்கையாவும்

ரொபர்ட் வைட் 1796இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, 1819இல் கம்பனியின் வைத்தியராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1826இல் அரசாங்க இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. 1828இல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள். அவரை மறுபடி வைத்தியராக நாகபட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, எங்களுக்கு நேரே அக்கரையில், கடமை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செடி சேர்த்தார். அவரோடு ஓர் ஓவியர் இருந்தார். பெயர் ரங்கையா.

ரங்கையா 1820களின் நடுப்பகுதியில் இருந்து சுமார் இருபது வருசம் வைட்டுக்காக வரைந்தார். அவருக்குப் பிறகு கோவிந்து வந்தார். எடின்பரோ அரச தாவரவியற் பூங்காவில் இந்த ஓவியர்களைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த ஹென்றி நோல்டி, இவர்களைத் தஞ்சாவூர் ஓவிய மரபோடு தொடர்புள்ள தெலுங்கு வழியினராகப் பார்க்கிறார். கோயிலுக்கும் அரண்மனைக்கும் தீட்டிப் பழகிய மரபு ஒன்று இப்போது பூவின் சூலகத்தை வெட்டிப் பார்த்து வரையத் தொடங்கியது. அவர்கள் வரைந்த சுமார் 700 மூல ஓவியங்கள் இன்று எடின்பரோவில் இருக்கின்றன.

நாகபட்டினக் காலத்தில் வைட் படங்களைக் கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் அவற்றைத் தன் இதழில் செப்புத் தகட்டுப் படங்களாக அச்சிட்டார். ஆனால் கப்பலில் அனுப்பி, ஆறேழு மாதம் காத்திருந்து, அங்கே செதுக்கி, திரும்பி வருவதென்றால் ஒரு செடிக்கே ஒன்றிரண்டு வருசம் போய்விடும். 1834இல் விடுமுறை முடிந்து திரும்பிய வைட், கல்லச்சைத் தானே பழகிக்கொண்டார். 1838இல் சென்னையிலேயே வெளியீடு தொடங்கியது.

அதன் பெயர் "ஐகோன்ஸ் பிளான்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்", அதாவது கீழை இந்தியாவின் செடிப்படங்கள். 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்கள். மொத்தம் 2101 படங்கள். ரெடூத்தேயின் லில்லி நூலை விட நான்கு மடங்குக்கும் மேலே. எட்டாவது படமே பூவரசு! தொடக்கப் பாகங்களில் ரொக்ஸ்பரோ கல்கத்தாவில் விட்டுப்போன படங்களின் பிரதிகளும் கலந்திருக்கின்றன. மற்றவை ரங்கையா, கோவிந்து ஆகியோரின் கை.

ரெடூத்தேயின் படத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். நிறம் இல்லை. தாள் சாதாரணம். சில இடங்களில் கல்லச்சு தடித்துப்போய்க் கோடு மங்கி இருக்கும். சென்னை வெக்கையில் மையும் கல்லும் எவ்வளவு தொல்லை கொடுத்திருக்கும் எண்டு அந்தத் தாள்களே காட்டுகின்றன. ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கோ. இலை எப்படிக் காம்பில் பொருந்துது, பூவிதழ் எந்தப் பக்கம் சுருளுது, காய் எப்படி வெடிக்குது எல்லாம் இருக்கும். தாளின் அடிப்பகுதியில் மகரந்தம், சூலகம், விதை எல்லாம் தனித்தனியாகப் பெருப்பித்து வரையப்பட்டிருக்கும். ரெடூத்தே பூவை ரசிக்கிறதுக்கு வரைந்தார். இது செடியை இனங்காணுறதுக்கு வரைந்த படம். செல்வந்தரின் வரவேற்பறைக்கு ஒன்று, மேசையில் ஒரு செடியை வைத்துக்கொண்டு இது என்ன எண்டு தலையைச் சொறிகிற ஆளுக்கு மற்றது.

இப்போது அடிவரி. ஐகோன்ஸின் பல படங்களின் அடியில் "ரங்கையா டெல்." எண்டு இருக்குது. மற்றப்பக்கம் கல்லில் ஏற்றியவரின் பெயர், "டம்ஃபி லித்." எண்டது மாதிரி. ரொக்ஸ்பரோவின் தாளில் விடுபட்ட இடம் நாற்பது வருசத்துக்குப் பிறகு நிரம்பியிருக்குது.

ஒரு பூண்டில் நிற்கிற பெயர்

இதை வைத்து வைட்டை மகான் ஆக்க நாங்கள் வரவில்லை. அவர் கம்பனியின் ஊழியர். கம்பனிக்குச் செடியில் இருந்த அக்கறை வருமானத்தில் இருந்த அக்கறை. 1842இல் இருந்து வைட்டைக் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி பயிரிடும் வேலைக்குத்தான் போட்டார்கள். செடியை இன்னதென்று அறிவதும் அதில் காசு பார்ப்பதும் அந்த ஆட்சியில் ஒரே கையின் இரண்டு விரல்கள். வைட்டின் வாழ்க்கை பற்றிப் பக்கம் பக்கமாக எழுத இடமிருக்கு. ரங்கையாவுக்குக் கிடைத்தது அடிவரி.

ஆனால் அந்த அடிவரி வெறும் மரியாதை இல்லை. தாவரவியலில் ஒரு செடிக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயர் ஒரு மாதிரிச் செடியிலும், பல நேரம் ஒரு படத்திலும் தங்கி நிற்கிறது. இன்றைக்கும் ஓர் ஆய்வாளர் சந்தேகம் வந்தால் வைட்டின் 2101 படங்களில் குறித்த எண்ணைத் தேடிப் போகிறார். அவர் பார்ப்பது வைட்டின் சொல்லை மட்டும் இல்லை, ரங்கையாவின் கண் பார்த்ததையும்தான். ஆகவே ஓவியர் அங்கே ஒரு சாட்சி. சாட்சிக்குப் பெயர் வேண்டும்.

அந்தக் காலத்தவர்களே இதை ஓரளவுக்கு உணர்ந்திருக்கிறார்கள். ஜேர்மன் தாவரவியலாளர் நேஸ் 1832இல் ஒரு செடிப் பேரினத்துக்கு "ருங்கியா" எண்டு பெயர் வைத்தார். அது ரங்கையாவின் பெயர். சித்த மருத்துவ நூல்கள் கோடகசாலை எண்டு சொல்லுகிற சிறு பூண்டுக்கு இந்தப் பேரினத்தின் கீழ் வந்த பெயர் ருங்கியா ரெப்பென்ஸ். கோவிந்துவுக்காக வைட் 1853இல் ஓர் ஓர்க்கிட்டுக்குக் "கோவிந்தூயியா" எண்டு பெயரிட்டார். பிற்காலத்தில் அந்தச் செடியைத் திரொப்பிடியா எண்ட பழைய பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். விதிப்படி பழைய பெயர்தான் நிற்கும், கோவிந்து ஒத்தபெயர்ப் பட்டியலுக்குப் போய்விட்டார். ஒருவரின் பெயர் பூண்டில் நிற்குது, மற்றவரின் பெயர் அடிக்குறிப்பில் நிற்குது.

பேராதனையில் ஒரு குடும்பம்

இலங்கையில் என்ன நடந்தது? பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் அலெக்சாண்டர் மூன் 1824இல் இலங்கைச் செடிகளின் பட்டியல் ஒன்றைச் சிங்களப் பெயர்களோடு வெளியிட்டார். அவருடைய காலத்திலேயே, 1823இல், ஹர்மானிஸ் டி அல்விஸ் ஓவியராக அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் வரைந்தார். பிறகு அவருடைய மகன் வில்லியம் வரைந்தார். அந்தக் குடும்பத்தின் படங்கள்தான் ஹென்றி டிரைமன் எழுதிய இலங்கைத் தாவரங்கள் பற்றிய கைநூலில் வந்தவை. 1893க்கும் 1900க்கும் இடையில் ஐந்து பாகங்களும் 100 படங்களும். டிரைமன் 1896இல் இறந்துவிட, ஜோசப் ஹூக்கர் மிச்சத்தை முடித்தார்.

டிரைமனின் நூலில் யாழ்ப்பாணம் அடிக்கடி வரும். இந்தச் செடி வறண்ட பகுதியில் கிடைக்கும், யாழ்ப்பாணத்தில் கண்டது எண்டு இடக்குறிப்பு இருக்கும். சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் ஆங்கில எழுத்தில் கொடுத்திருப்பார். ஆனால் 100 படம் 100 செடிக்குத்தான். மலைநாட்டுச் செடிகளும் இலங்கைக்கே உரிய செடிகளும்தான் தாவரவியலாளர்களின் கண்ணைக் கவர்ந்தன. எங்கள் பற்றைச் செடி அக்கரையிலும் கிடைக்கும், அங்கே ஏற்கெனவே வரைந்தாயிற்று.

பனைக்கு மட்டும் தனி மரியாதை கிடைத்தது. வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் பனையைப் பற்றி மட்டும் ஒரு நூல் வெளியிட்டார், மரச்செதுக்குப் படங்களோடு. பனையின் 801 பயன்களை அடுக்கும் "தாலவிலாசம்" எண்ட தமிழ் நூலைப் பற்றி ஆங்கில வாசகர்கள் அறிந்துகொண்டதும் இந்தக் காலத்தில்தான். தமிழில் செடி அறிவு இருந்தது. அது செய்யுளிலும் வாகடத்திலும் வைத்தியர் வாயிலும் இருந்தது, படத்தில் இருக்கவில்லை.

படம் ஓர் அறையில், பெயர் இன்னோர் அறையில்

இனித்தான் எங்களை யோசிக்க வைத்த விசயம்.

வைட்டின் நூல்களின் பிந்திய பாகங்களை அச்சிட்டது சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகம். அதை நடத்தியவர் பி. ஆர். ஹன்ட். அதே ஹன்ட், அதே அச்சகத்தில், 1862இல் இன்னொரு பெரிய நூலை அச்சிட்டார். வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி.

வின்ஸ்லோவின் அகராதிக்கு யாழ்ப்பாணம்தான் தொட்டில். மிரோன் வின்ஸ்லோ உடுவிலில் இருந்த அமெரிக்க மிஷனரி. அகராதி வேலையைத் தொடங்கியவர் நல்லூரில் இருந்த ஜோசப் நைற். யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர்கள் சொல் சொல்லாகச் சேர்த்தார்கள். அந்த உழைப்பின் ஒரு பகுதி 1842இல் சந்திரசேகர பண்டிதரின் பெயரோடு சுமார் 58,500 சொற்கள் கொண்ட மானிப்பாய் அகராதியாக வந்தது. மிச்சம் சென்னைக்குப் போய், வின்ஸ்லோவின் கையில் 67,000க்கு மேற்பட்ட சொற்களாக வளர்ந்தது. அதைப் புரட்டிப் பார்த்தால் செடிப் பெயர்கள் கொட்டிக் கிடக்கும். பலவற்றுக்கு எதிரே லத்தீன் தாவரப் பெயரும் இருக்கும்.

யோசித்துப் பாருங்கோ. ஒரே அச்சகம், பத்துப் பன்னிரண்டு வருச இடைவெளி. ஒரு நூலில் படம் இருக்குது, லத்தீன் பெயர் இருக்குது. படத்துக்கு அடியில் தமிழ்ப் பெயர் இல்லை. மற்ற நூலில் தமிழ்ப் பெயர் இருக்குது, லத்தீன் பெயர் இருக்குது. படம் இல்லை. இரண்டையும் இணைக்கிற நூல் லத்தீன் மட்டும்தான். லத்தீன் தெரிந்தவருக்கு இரண்டு அறைக்கும் திறப்பு இருந்தது. ஐந்து முழ வேட்டியோடு வேலியடியில் செடி பிடுங்கின ஆளுக்கு ஓர் அறைக்கும் திறப்பு இல்லை.

சொல்லைச் சேர்த்தது எங்கள் ஆக்கள். வரைந்தது அக்கரையில் எங்களைப் போன்ற ஆக்கள். இரண்டும் ஒரு தாளில் சந்திக்காமலே போயின. பிரான்ஸில் அப்படி இல்லை. ரெடூத்தேயின் ரோசாப் படத்தில் லத்தீன் பெயரும் பிரெஞ்சுப் பெயரும் சேர்ந்தே இருக்கும். படம் பார்க்கிற பிரெஞ்சுக்காரர் தன் மொழியிலேயே பூவின் பெயரை வாசிக்கலாம்.

இப்ப எங்களுக்கு என்ன?

இது பழங்கதை, இதில் இப்ப என்ன இருக்கு எண்டு கேட்கலாம். எங்கட ஒழுங்கைகளைப் பாருங்கோ. கிளுவையும் பூவரசும் கதியாலாக நின்று, கிடுகு கட்டின வேலிகள் மதிலாகவும் தகரமாகவும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வலிகாமம் வடக்கில் பல வருசத்துக்குப் பிறகு காணி விடுபட்டபோது, வீடும் வேலியும் இல்லாத இடத்தில் கனபேர் தங்கட வளவைப் பிடித்தது கிணற்றையும் மரத்தையும் வைத்துத்தான். மரத்தின் பெயரும் முகமும் தெரியாத அடுத்த தலைமுறை எதை வைத்துப் பிடிக்கும்?

படமும் பெயரும் ஒன்றாக இருந்தால் என்ன நடக்கும் எண்டதுக்கும் எங்களிடம் ஒரு சாட்சி இருக்கு: பார்த்தீனியம். ஒழிப்புப் பிரசாரத்தில் படத்தையும் பெயரையும் சேர்த்துப் போஸ்டர் ஒட்டினார்கள், பாடசாலையில் காட்டினார்கள். இப்ப சின்னப் பிள்ளையும் வீதியோரத்தில் அதைக் கண்டு பெயர் சொல்லும். ஒழிக்க வேண்டிய செடியை நாங்கள் நன்றாகப் படித்திருக்கிறோம். காக்க வேண்டிய நாயுருவி, தும்பை, கோடகசாலை, சாயவேருக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

அந்தத் தாளைச் செய்ய இப்ப கல்லும் வேண்டாம், செப்பும் வேண்டாம். வைட்டின் ஆறு பாகங்களும் பயோடைவர்சிட்டி ஹெரிற்றேஜ் லைப்ரரி எண்ட இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. வின்ஸ்லோவின் அகராதியும் இணையத்தில் தேடக்கூடியதாக இருக்குது. ஒரு திரையில் இரண்டையும் திறந்துவைத்து, ரங்கையாவின் படத்துக்குக் கீழே எங்கள் சொல்லை எழுதலாம். எட்டாம் இலக்கப் படத்துக்குக் கீழே பூவரசு எண்டு எழுதுவதில் தொடங்கலாம். அம்மம்மாவிடம் கேட்டு, உங்கட ஊரில் சொல்லுகிற பெயரையும் பக்கத்தில் எழுதலாம். தீவகத்தில் ஒரு பெயர், வடமராட்சியில் இன்னொரு பெயர் எண்டால் இரண்டையும் எழுதுங்கோ.

வரையத் தெரிந்தவர்கள் வரையுங்கோ. நல்ல கமரா இருக்கிற காலத்தில் வரைவது எதுக்கு எண்டு கேட்பார்கள். படம் பிடிக்கையில் ஒரு செடியைக் கணநேரத்தில் கடந்துவிடலாம். வரைகையில் இலை மாறிமாறி வருதா எதிரெதிரே வருதா எண்டு பார்த்தே ஆகவேண்டும். தாவரவியல் தொடங்குகிற இடம் அதுதான். இன்றும் புதிய இனங்களை விவரிக்கிற கட்டுரைகளில் கோட்டோவியம் வருவது இதனால்தான்.

ஒரு நிபந்தனை மட்டும். வரைந்தால் அடியில் உங்கட பெயரை எழுதுங்கோ. இன்னொருவர் வரைந்ததைப் பகிர்ந்தால் அவருடைய பெயரை வெட்டாமல் பகிருங்கோ. ரொக்ஸ்பரோவின் 300 படங்களை வரைந்தவர்களை இன்று எங்களால் நூலில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. ரங்கையாவைக் கூப்பிடலாம். ஏனெண்டால் ஒரு தாளின் மூலையில், எறும்பளவு எழுத்தில், ஆரோ அதை எழுதிவிட்டுப் போயிருக்கினம்.